ஆங்கிலம் அறிவோம்: ‘லுக் ஃபார்வர்டு டு’ என்று எழுதும் முன்



நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, 1981 முதல் 2019 வரை முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். கடைசி சில ஆண்டுகள் ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா பக்கம் வேலை. ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டேன். இப்படிப்பட்டவன் ஆங்கிலப் பாடம் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு உள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லைத் தவறாக எழுதி, அதனால் வேறொருவர் துன்பப்பட்டதைக் கண்ணால் கண்டவன் நான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

ஒரு சிறு குறிப்பு. இக்கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். பிள்ளைகள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படிக்க வேண்டும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பழகும். ஆங்கிலமும் கைக்கு வரும்.

கடைசி வரியில் ஒரு சிக்கல்

எங்கள் தெருவில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் தெலுங்கு படித்தாள், வீட்டில் தமிழ் பேசுவாள், எழுதுவதெல்லாம் ஆங்கிலம். சென்ற மாதம் ஒரு வேலைக்கான விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்து, “தாத்தா, ஒரு தரம் பார்த்துக் கொடுங்க” என்றாள்.

விண்ணப்பம் நன்றாகவே இருந்தது. கடைசி வரியில் மட்டும் என் பென்சில் நின்றது. ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதியிருந்தாள். நான் ‘ஹியர்’ என்பதை அடித்து ‘ஹியரிங்’ என்று எழுதினேன்.

அவள் விடவில்லை. “தாத்தா, ‘டு’ வந்தால் அடுத்து வினைச்சொல் அப்படியே வரணும்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க? ‘வான்ட் டு கோ’, ‘ஹோப் டு மீட்’. இங்கே மட்டும் ஏன் ‘இங்’?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ‘விதி அப்படி’ என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்ன விதி பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும். காரணம் தெரிந்தால்தான் நிலைக்கும்.

இரண்டு ‘டு’

ஆங்கிலத்தில் ‘டு’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வேறு சொற்கள் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ‘டு’ வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்பது. ‘டு கோ’ என்றால் போக. ‘டு மீட்’ என்றால் சந்திக்க. ‘டு ஹியர்’ என்றால் கேட்க. தமிழில் இதை எச்சம் என்கிறோம். ‘போக விரும்புகிறேன்’, ‘சந்திக்க நினைக்கிறேன்’ என்பவை இந்த வகை.

இரண்டாம் ‘டு’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்பது. நம்முடைய நான்காம் வேற்றுமை உருபு ‘கு’ செய்யும் வேலையைச் செய்வது. ‘டு திருப்பதி’ என்றால் திருப்பதிக்கு. ‘டு மை மதர்’ என்றால் என் தாய்க்கு. இதன் பின்னால் பெயர்தான் வரவேண்டும். வினையைக் கொண்டுவர வேண்டுமானால், அதைப் பெயராக மாற்றிக் கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்கும் ஒரு வழி ‘இங்’ சேர்ப்பது. தமிழில் நாம் ‘கேட்டல்’, ‘கேட்பது’ என்று தொழிற்பெயராக மாற்றுகிறோமே, அதே காரியந்தான்.

‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதில் இருப்பது இந்த இரண்டாம் ‘டு’. அந்தத் தொடரின் சொற்பொருளைப் பாருங்கள். ‘லுக்’ பார், ‘ஃபார்வர்டு’ முன்னோக்கி, ‘டு’ ஒன்றுக்கு, அல்லது ஒன்றின் பக்கமாக. ஆக, வரப்போகும் ஒன்றின் பக்கம் முகத்தைத் திருப்பி மகிழ்ச்சியோடு நிற்பது. எதன் பக்கம்? அது ஒரு பெயராகத்தானே இருக்க முடியும்? ‘யுவர் ரிப்ளை’, ‘தி ஹாலிடேஸ்’, ‘மீட்டிங் யூ’, ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ எல்லாம் பெயர்கள், அல்லது பெயர்போல் நிற்பவை.

சோதனை மிக எளிது. ‘டு’வுக்குப் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை’ பொருந்துகிறது. ஆகவே இது இரண்டாம் ‘டு’; வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை’ பொருந்தவில்லை. ஆகவே இது முதல் ‘டு’. வினை அப்படியே வரும்.

இன்னும் சில தொடர்கள் இதே வரிசையில் நிற்கும். ‘அப்ஜெக்ட் டு’, ‘கமிட்டட் டு’, ‘பீ யூஸ்ட் டு’ ஆகியவற்றுக்குப் பின்னும் ‘இங்’தான். இவற்றுள் கடைசியானது நம்மைப்போல் ஊர் மாறி வந்தவர்களுக்கு மிகவும் தேவைப்படுவது. ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் வேலூர்’ என்றால் முன்பு வேலூரில் வாழ்ந்துவந்தேன் என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்ட் டு லிவிங் இன் திருப்பதி’ என்றால் திருப்பதியில் வாழ்வது எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’. இவ்வளவுதான் வேறுபாடு; ஆனால் ஒன்று விட்டு வந்த ஊரைச் சொல்கிறது, மற்றது வந்து சேர்ந்த ஊரைச் சொல்கிறது.

தவறு எங்கிருந்து வருகிறது?

தவறு செய்பவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்கள் மனத்தில் ஓடும் தமிழ் வாக்கியம் வேறாக இருக்கிறது, அவ்வளவே. ‘உங்கள் பதிலைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்’ என்று நாம் நினைக்கிறோம். இது அழகான தமிழ். இதற்குச் சரியான ஆங்கிலம் ‘ஐ ஆம் ஈகர் டு ஹியர் ஃப்ரம் யூ’. இங்கே ‘கேட்க’ என்ற எச்சமும் சரி, ‘டு ஹியர்’ என்பதும் சரி. ஆனால் ‘ஈகர்’ இருந்த இடத்தில் நாம் ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்பதைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம்; பின்பாதியை மாற்ற மறந்துவிடுகிறோம். மீட்டர்கேஜ் சக்கரத்தைப் பிராட்கேஜ் பாதையில் ஏற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இது.

‘எதிர்நோக்கு’ என்ற தமிழ்ச் சொல்லை வைத்து நினைத்துப் பாருங்கள். ‘உங்கள் பதிலைக் கேட்க எதிர்நோக்குகிறேன்’ என்றால் காதில் இடறுகிறது. ‘கேட்பதை எதிர்நோக்குகிறேன்’ என்றால் சரியாக இருக்கிறது. பார்த்தீர்களா? ஆங்கிலம் கேட்கும் இலக்கணம் நம் தமிழிலேயே இருக்கிறது.

தெலுங்கிலும் அப்படியே. ‘வினடானிகி’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘வினடம்’ என்ற பெயரும் ‘கி’ என்ற உருபும் கிடைக்கும். கேட்டலுக்கு என்பதுதான் அதன் பொருள். தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று கால்டுவெல் 1856ல் தமது ஒப்பிலக்கண நூலில் விரிவாகக் காட்டினார். அந்த உறவு இங்கே நம் பிள்ளைகளுக்கு நேரடியாகவே உதவுகிறது.

இன்னொரு தவறும் இங்கு அதிகம் பார்க்கிறேன்: ‘லுக்கிங் ஃபார்வர்டு ஃபார் யுவர் ரிப்ளை’. இதுவும் தாய்மொழி வழியாக வருவதே. தெலுங்கில் ‘மீ ஜவாபு கோஸம் எதுரு சூஸ்துன்னானு’ என்பார்கள். நாம் ‘உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்’ என்போம். ‘கோஸம்’, ‘ஆக’ இரண்டும் ‘ஃபார்’ ஆகிவிடுகின்றன. ‘வெயிட்டிங் ஃபார்’ என்றால் ‘ஃபார்’ சரி. ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்றால் ‘டு’ ஒன்றே.

கடிதம் எழுதுவோர் நினைவில் வைக்க வேண்டியவை

முதலாவது, அலுவலகக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ‘ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று முழு வாக்கியமாக எழுதுவது மரியாதை. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு’ என்பது சற்று நெருக்கமான தொனி. உறவினர், நண்பர்களுக்கு ஏற்றது. ‘ஐ’ இல்லாமல் ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்று தொடங்குவது இன்னும் சாதாரணம்.

இரண்டாவது, ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் படிப்பவருக்கு ‘ஏன் இன்னும் பதில் போடவில்லை?’ என்று கேட்பதுபோல் படலாம். வேலை கேட்கும் கடிதத்தில் அது வேண்டாம்.

மூன்றாவது, இந்தத் தொடர் மகிழ்ச்சியான காரியங்களுக்கு மட்டுமே உரியது. நம் ‘எதிர்பார்’ என்ற சொல் நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. ‘புயலை எதிர்பார்க்கிறோம்’ என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்கு ‘எக்ஸ்பெக்ட்’ என்ற சொல் தனியாக உண்டு. துக்க வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன் என்று எழுதும்போது ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்று எழுதிவிட்டால், வருவதில் உங்களுக்கு ஆனந்தம் என்று பொருளாகிவிடும்.

“புரிகிறதே, பிறகென்ன?”

இவ்வளவும் கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். “சரி தாத்தா. ஆனா ‘ஹியர்’னு எழுதினாலும் அவங்களுக்குப் புரியத்தானே போகுது? ஒரு ‘இங்’குக்கு இத்தனை பாடா?”

உண்மைதான். ‘ஹியர்’ என்று எழுதியதால் யாரும் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். ‘சின்னப் பிழை’ என்று ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போவார்கள். ஆனால் ‘லுக்’ என்ற இதே வினையோடு வேறொரு சின்னச் சொல் சேர்ந்தபோது என்ன நடந்தது என்பதை, வெளியில் அதிகம் சொல்லாத ஒரு விஷயத்தை, அன்று அவளிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1986ஆம் ஆண்டு. நான் பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர், அதாவது பாதைப் பராமரிப்பு மேற்பார்வையாளர். எந்தக் கோட்டம் என்பது வேண்டாம். என் பகுதியில் ஒரு கீமேன் இருந்தார். நம் பக்கத்துத் தமிழர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். கீமேன் வேலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விடியற்காலையில் ஸ்பேனரும் சுத்தியலும் தோளில் போட்டுக்கொண்டு, தம் பகுதிப் பாதை முழுவதையும் நடந்தே பார்க்க வேண்டும். கழன்ற கீயை அடித்து இறுக்க வேண்டும். ஜாயின்ட்டில் போல்ட் தளர்ந்திருந்தால் முடுக்க வேண்டும்.

ஒருநாள் அவர் பகுதியில் சென்ற கூட்ஸ் வண்டியின் டிரைவர், ஓரிடத்தில் வண்டி குலுங்கியதாகச் சொன்னார். போய்ப் பார்த்ததில் ஒரு ஜாயின்ட்டில் ஃபிஷ் பிளேட் விரிசல் விட்டிருந்தது. இரண்டு தண்டவாள முனைகளை இணைத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைதான் ஃபிஷ் பிளேட். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் விசாரணை உண்டு. கீமேனின் வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். அவருக்குத் தமிழில் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அவர் சொன்னது: “காலையிலே ஒவ்வொரு ஜாயின்ட்டையும் மேற்பார்வை பார்த்துக்கிட்டுத்தான் சார் வந்தேன். அப்போ விரிசல் இல்லே.”

நான் என்ன எழுதினேன் தெரியுமா? ‘மேல்’ என்றால் ‘ஓவர்’. ‘பார்’ என்றால் ‘லுக்’. ஆகவே ‘ஐ ஓவர்லுக்ட் எவ்ரி ஜாயின்ட்’ என்று எழுதினேன். எழுதியபோது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நல்ல கம்பீரமான ஆங்கிலம் என்றே நினைத்தேன்.

‘ஓவர்லுக்’ என்றால் இன்றைய வழக்கில் பார்க்கத் தவறுவது, கவனிக்காமல் விட்டுவிடுவது. மேற்பார்வை பார்ப்பதற்கு ‘ஓவர்சீ’ அல்லது ‘சூப்பர்வைஸ்’ என்று வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரு முறை பார்வையிட்டேன் என்பதற்கு ‘லுக்ட் ஓவர்’ என்று சொற்களைப் பிரித்து மாற்றிப் போட வேண்டும். அந்த மனிதர் ‘எல்லாவற்றையும் பார்த்தேன்’ என்றார். நான் ‘ஒன்றையும் கவனிக்கவில்லை’ என்று எழுதி, அதன் கீழ் அவரிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

விசாரணை செய்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் பேப்பரில் இருந்ததைப் படித்தார். கீமேன் தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று முடிவானது. ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம்.

ஆர்டர் வந்த அன்று ஆபீஸ் ஹெட் கிளார்க் என்னைத் தனியே அழைத்து, “ஏன் சார் இப்படி எழுதிக்கொடுத்தார்?” என்று அந்த வரியைக் காட்டினார். அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். கால் கீழே நிலம் இல்லாததுபோல் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்றும் உறுத்துகிறது. ரயில்வே ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி, மேல்முறையீடு செய்ய 45 நாட்கள் உண்டு. முப்பது நாட்கள் நான் வாயே திறக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம். என் பிழை என்று எழுதிக் கொடுத்தால் என் பெயர் என்னாகுமோ என்ற பயம். முப்பத்தோராம் நாள் டிராலியில் போகும்போது அவரைப் பாதையில் பார்த்தேன். வழக்கம்போல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். நான் டிராலியை நிறுத்தி இறங்கி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் பார்த்தேன்னு சொன்னேன் சார். காகிதம் பார்க்கலேன்னு சொல்லுது. காகிதத்துக்குத்தானே சார் மரியாதை?” என்றார்.

அன்றிரவே அப்பீல் எழுதினேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, பிழையும் என்னுடையது என்று தனியாக ஒரு வாக்குமூலமும் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து அவர் தண்டனை ரத்தாகி, பிடித்த பணமும் திரும்ப வந்தது. எனக்கு எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கை வந்தது. அது நியாயமே.

சின்னச் சொல்தான் திசை காட்டுகிறது

இப்படி வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப் பொருள் தருவதற்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். இப்பெயரை 1925ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலில் பயன்படுத்தினார். அது ஹென்றி பிராட்லி என்ற அகராதி அறிஞர் தமக்குச் சொன்ன பெயர் என்றும் குறித்தார்.

‘லுக்’ குடும்பத்தை மட்டும் பாருங்கள். ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள். ‘லுக் ஃபார்’ தேடு. ‘லுக் இன்டு’ ஆராய், விசாரி. ‘லுக் அப்’ அகராதியில் பார். ‘லுக் அப் டு’ உயர்வாக மதி. ‘லுக் டவுன் ஆன்’ தாழ்வாக நினை. வினை ஒன்றே. பாய்ன்ட்ஸ் மாறினால் வண்டி வேறு லைனுக்குப் போவதுபோல், சின்னச் சொல் மாறினால் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது.

இது நமக்குப் புதிதும் அல்ல. ‘பிள்ளையைப் பார்’ என்பதும் ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பதும் ஒன்றா? ‘எதிர்பார்’, ‘செய்துபார்’ என்பவற்றில் ‘பார்’ கண்ணால் பார்ப்பதா? ஒரு வெளிநாட்டார் ‘செய்துபார்’ என்பதை ‘செய்துவிட்டு உற்று நோக்கு’ என்று மொழிபெயர்த்தால் நாம் சிரிப்போம். நான் ‘ஓவர்லுக்ட்’ என்று எழுதியது அதே தவறு.

உலகம் முழுவதும் இது நடக்கிறது. 1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளில் டெனரிஃப் விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ஒரே நேரத்தில் ஒலித்த வானொலிச் செய்திகள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, டச்சு விமானத்திலிருந்து வந்த ஒரு வாசகம். ‘வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்ற வகையில் அது இருந்தது. விமானம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. ‘அட்’ என்ற சொல்லால், கோபுரத்தில் இருந்தவர் அது புறப்படும் இடத்தில் காத்து நிற்பதாக எடுத்துக்கொண்டார். பேசியவர் தாய்மொழி டச்சு; கேட்டவர் தாய்மொழி ஸ்பானிஷ்; நடுவில் இரவல் ஆங்கிலம். அதன் பிறகு விமானத் துறையில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும் என்றும், மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’ என்று சொல்ல வேண்டும் என்றும் முறை வந்தது. அனுமதியைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

ரயில்வேயிலும் நாங்கள் வாய்ச் சொல்லை மட்டும் நம்புவதில்லை. ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் பேசிக்கொள்ளும்போது பிரைவேட் நம்பர் கொடுத்து, வாங்கி, எழுதிக்கொள்வார்கள். சொன்னதும் கேட்டதும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வண்டி நகரும்.

திருப்பிப் படியுங்கள்

எனக்குக் கிடைத்த பாடத்தையும் அந்தக் கீமேனே முடித்துவைத்தார். சில ஆண்டுகள் கழித்து அவர் ஓய்வு பெறும்போது, பென்ஷன் சம்பந்தமான மனுவை என்னிடமே எழுதக் கொடுத்தார். எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “எழுதினதைத் தமிழ்லே ஒரு தரம் படிச்சுக் காட்டிடுங்க சார்” என்றார். அவர் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் அந்த ஒரு வரி எனக்கு எந்த இலக்கணப் புத்தகமும் கொடுக்காததைக் கொடுத்தது.

அன்றுமுதல் நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஆங்கிலத்தில் எழுதியதை மீண்டும் தமிழாக்கிப் படிப்பேன். நான் சொல்ல நினைத்ததைப் படிக்கமாட்டேன். காகிதத்தில் இருப்பதைப் படிப்பேன். நினைத்ததைப் படித்தால் ‘ஓவர்லுக்ட்’ மறுபடியும் மேற்பார்வையாகத்தான் தெரியும். எனவே வினையையும் அதை ஒட்டிய சின்னச் சொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகக் கருதி, அகராதியில் பார்ப்பேன். இதற்குக் கற்போர் அகராதி மிகவும் ஏற்றது. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது தம் தோழர்களுடன் தொகுத்த அகராதி அங்கே 1942ல் அச்சானது. பின்னாளில் அதுவே ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக உலகெங்கும் பரவியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே செய்தது; ஒரு வினைக்குப் பின் எது வரும் என்பதை எடுத்துக்காட்டோடு சொல்லும். இன்று கைப்பேசியிலும் இத்தகைய அகராதிகள் கிடைக்கின்றன.

இந்த முறைக்கு ஒன்று அவசியம்: திருப்பிப் படிக்க ஒரு மொழி வேண்டும். நம் பிள்ளைகள் இந்த ஊரில் தெலுங்கு கற்கிறார்கள். கற்கத்தான் வேண்டும், அது நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. ஆங்கிலமும் கற்கிறார்கள். ஆனால் ‘கேட்க’ என்பதற்கும் ‘கேட்பதை’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காது கண்டுபிடிப்பது, சிறு வயது முதல் வீட்டில் பேசிய மொழியில்தான். வீட்டில் தமிழை விடாமல் வைத்திருந்தால் பிள்ளையின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். ஆங்கிலத்தைச் சரிபார்க்கும் அளவுகோலே அதுதான்.

பயிற்சி

கோடிட்ட இடத்தில் எது வரும்?

1. ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு ____ சித்தூர். விசிட், விசிட்டிங்.

2. ஐ ஹோப் டு ____ யூ அட் தி ஸ்டேஷன். மீட், மீட்டிங்.

3. மை கிராண்ட்மதர் இஸ் நாட் யூஸ்ட் டு ____ தெலுகு. ஸ்பீக், ஸ்பீக்கிங்.

4. வீ லுக் ஃபார்வர்டு ____ தி பொங்கல் ஹாலிடேஸ். டு, ஃபார்.

5. ப்ளீஸ் லுக் ____ மை கம்ப்ளெயின்ட். ஆஃப்டர், இன்டு.

6. தி டாக்டர் ____ தி ரிப்போர்ட் அண்ட் ஃபவுண்ட் தி மிஸ்டேக். லுக்ட் ஓவர், ஓவர்லுக்ட்.

விடைகள்: 1. விசிட்டிங். 2. மீட். 3. ஸ்பீக்கிங். 4. டு. 5. இன்டு. 6. லுக்ட் ஓவர்.

ஆறாவது வாக்கியத்தில் ‘ஓவர்லுக்ட்’ என்று எழுதிய பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் கடிந்துகொள்ள வேண்டாம். வாக்கியத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் ரிப்போர்ட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிழையை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். பிள்ளை தானே சிரித்துத் திருத்திக்கொள்ளும்.

எங்கள் தெருப் பெண் அன்று விண்ணப்பத்தை அனுப்பவில்லை. வீட்டுக்குப் போய் முழுவதையும் தன் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டினாளாம். “பாட்டி கேட்ட கேள்வியிலே இன்னும் ரெண்டு தப்பு கண்டுபிடிச்சேன் தாத்தா” என்று மறுநாள் வந்து சொன்னாள். பாட்டிக்கு ஓர் ஆங்கில எழுத்துகூடத் தெரியாது.